பீடித்தட்டுக்கும் தொட்டிலுக்கும் நடுவே

முக்கூடல் பக்கத்துக் கர்ப்பிணி ஒருத்தியிடம் "பீடி, சிகரெட் குடிக்கிற பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டால், "நல்லா கேட்டிய போங்க" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவள் சொல்வது உண்மைதான். 2016-17இல் எடுக்கப்பட்ட அகில இந்திய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களில் புகைப்பவர்கள் 2 சதவீதம் மட்டுமே. தாமிரபரணிக் கரை கிராமங்களில் பெண் புகைப்பதைக் காண்பது அபூர்வம். கர்ப்பகாலப் புகை பற்றி மேலை நாடுகளில் எழுதப்பட்ட பாடநூல்களோ புகைக்கும் தாயை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. அந்த அளவுகோலோடு நெல்லைக்கு வருகிறவர், இங்கே பிரச்சினையே இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம்.

அவர் பார்க்கத் தவறுவது அந்தப் பெண்ணின் மடியில் இருக்கிறது. மத்திய அரசின் கணக்கில் நாடு முழுவதும் பீடித் தொழிலாளர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் பல லட்சம் பேர் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் வீட்டிலேயே சுற்றும் பெண்கள். முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், கடையம், ஆழ்வார்குறிச்சி, சுத்தமல்லி, பேட்டை என்று ஊர் ஊராக, மதியச் சோறு முடிந்ததும் திண்ணையில் தட்டுகள் வந்து இறங்கும். தறி ஓய்ந்த மேலப்பாளையத்திலும் வீரவநல்லூரிலும் பீடித்தட்டுதான் அடுப்பை எரியவிட்டது. கார், பிசானம் என இரண்டு பூ விளையும் வயல்காட்டு ஊர்களில் நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களுக்கு அதுவே சோறு. பெண் பார்க்க வருகிறவர்கள் "பொண்ணுக்கு பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்பது இந்தப் பகுதியில் ரொம்ப நாள் வழக்கம். கல்யாணமான கையோடு புகுந்த வீட்டில் தட்டு ஏறும். சூல் கொண்ட பிறகும் இறங்காது.

ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். தாய் புகைக்கிறாளா என்பதை விட்டுவிட்டு, புகையும் நிக்கோட்டினும் எந்தெந்த வழியாகத் தாயையும் பிள்ளையையும் வந்தடைகின்றன என்று கேட்கலாம். வழிகள் மூன்று: வீட்டு ஆண்களின் பீடி, வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, மடியில் இருக்கும் தூள். மூன்றுக்கும் உள்ள ஆதாரம் ஒரே கனமானதல்ல. அந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

அவற்றுக்குப் போகுமுன், ஒப்பிட்டுப் பார்க்க, புகைக்கும் தாய்மார்களைப் பற்றிய ஆதாரம். இருப்பதிலேயே பலமானது அதுதான். 1935இலேயே அமெரிக்காவின் ஓஹையோவில் சோன்டாக், வாலஸ் என்ற இரு ஆய்வாளர்கள், தாய் சிகரெட் பிடிக்கும்போது வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பு மாறுவதைக் கவனித்தார்கள். 1957இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் சிம்சன் என்ற மருத்துவர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களின் ஏடுகளைப் புரட்டிவிட்டு, புகைக்கும் தாய்மார்களுக்குக் குறைமாதப் பிள்ளைகள் ஏறத்தாழ இருமடங்கு பிறக்கின்றன என்று எழுதினார். பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 1972இல் வெளியானது. பிறப்பையொட்டிய இறப்பு, புகைக்கும் தாய்மாரின் பிள்ளைகளில் 28 சதவீதம் கூடுதல் என்றது அது. பிறக்கும் எடையில் குறைவது சராசரியாக 150 முதல் 250 கிராம். மூன்று கிலோ பிள்ளைக்கு இது பெரிய நஷ்டமில்லை என்று தோன்றலாம். ஆனால் ரத்தசோகையுள்ள, உடல் வற்றிய தாய்க்கு 2.6 கிலோவில் பிறக்கவேண்டிய பிள்ளைக்கு அந்த 200 கிராம்தான், எடை குறைந்த பிள்ளைகளின் பட்டியலில் சேர்வதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

எதிர்ப்பும் இருந்தது, சாதாரண எதிர்ப்பல்ல. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் யெருஷால்மி 1971இல் ஒரு விநோதத்தைக் காட்டினார். எடை குறைந்த குழந்தைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், புகைக்கும் தாயின் பிள்ளைகள் புகைக்காத தாயின் பிள்ளைகளைவிட அதிகம் பிழைக்கின்றன. புகை நல்லதா என்ன? இந்த முடிச்சு முழுமையாக அவிழ முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புகைக்காத தாயின் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறதென்றால் பெரும்பாலும் அதற்குப் பின்னால் பிறவிக் கோளாறு போன்ற கடுமையான காரணம் இருக்கும். புகைக்கும் தாயின் பிள்ளைக்குப் புகை மட்டுமே காரணமாக இருக்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் பிழை. இதற்கிடையே 1984இல் மேரிலாந்தில் 935 கர்ப்பிணிகளை வைத்து நடந்த சோதனை வேறு பக்கத்திலிருந்து விடை சொன்னது. புகையை விட உதவிபெற்ற பிரிவினரின் குழந்தைகள் மற்றவர்களின் குழந்தைகளைவிட சராசரியாக 92 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. பழக்கத்தை மாற்றினால் எடையும் மாறுகிறது என்ற பிறகு வாதத்துக்கு இடமில்லை.

உடலுக்குள் நடப்பது இதுதான். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைச் சுமக்கவேண்டிய ரத்தச் சிவப்பணுக்களில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் அதைத் தாயின் ரத்தத்தைவிட இறுகப் பிடிக்கும். நிக்கோட்டின் நஞ்சுக்கொடி வழியாகத் தடையின்றிக் கடந்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிள்ளைக்குப் போகும் ஓட்டத்தைக் குறைக்கிறது. வளரும் நுரையீரலின் சிறு மூச்சுக்குழல்களும், தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டால் எழுப்பிவிடும் மூளைப்பகுதியும் இதனால் கெடுகின்றன. பிறந்த பிறகு தாய்ப்பாலிலும் நிக்கோட்டின் வரும், தாயின் ரத்தத்தில் உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அடர்த்தியில்.

இனி நம் வீட்டுக்கு வரலாம்.

பீடியைப் பார்த்தால் சின்னது, ஏழைச் சரக்கு. ஒன்றில் இருக்கும் தூள் கால் கிராம்கூட வராது, சிகரெட்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பீடி சாது என்ற எண்ணம் ஆண்களிடம் உண்டு. ஆனால் பீடித்தூளில் ஒரு கிராமுக்கு 21 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருப்பதாகவும், வடிகட்டி வைத்த சிகரெட்டுகளில் 16தான் என்றும் அமெரிக்க ஆய்வொன்று 2001இல் அளந்தது. வடிகட்டியும் கிடையாது. சுற்றியிருக்கும் இலை காற்றை உள்ளே விடாது, நாலு இழுப்பு விட்டால் அணைந்துவிடும். ஆகவே குடிப்பவர் அடிக்கடி, ஆழமாக இழுக்கிறார். முன்பு சொன்ன 2016-17 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிகரெட் குடிப்போர் 4 சதவீதம், பீடி குடிப்போர் 7.7 சதவீதம். தம் வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் 38.7 சதவீதம். அந்தக் கடைசி எண்ணுக்குள்தான் நம் கர்ப்பிணி இருக்கிறாள்.

பிறர் புகை கர்ப்பிணிக்கு என்ன செய்யும்? இங்கிலாந்தின் நாட்டிங்கம் ஆய்வாளர்கள் 2011இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, புகைக்காத கர்ப்பிணி பிறர் புகையில் இருந்தால் செத்துப் பிறக்கும் அபாயம் 23 சதவீதமும் பிறவிக் குறைகளின் அபாயம் 13 சதவீதமும் கூடுவதாகக் கண்டார்கள். தானே புகைப்பதைவிட இது குறைவுதான். ஆனால் நம் ஊரில் தானே புகைக்கும் தாய் அபூர்வம், கணவர் புகைக்கும் தாய் தெருவுக்குத் தெரு இருக்கிறாள். உலக அளவில் 2004ஆம் ஆண்டு பிறர் புகையால் இறந்த சுமார் 6 லட்சம் பேரில் 1,65,000 பேர் குழந்தைகள் என்று லான்செட் இதழ் 2011இல் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது நெஞ்சில் சளி கட்டி வரும் நிமோனியா, அதுவும் ஏழை நாடுகளில். தூக்கத்தில் திடீரென இறந்துபோகும் பிள்ளைகள் மேலை நாட்டு விவாதத்தில் முன்னால் நிற்கிறார்கள். நம் விவாதத்தில் முன்னால் நிற்கவேண்டியது ஆறு மாதப் பிள்ளைக்கு மாதாமாதம் வரும் இழுப்பும் இருமலும்தான்.

"நான் வீட்டுக்குள்ள குடிக்கிறதில்ல, வாசல்ல நின்னுதான்" என்பது எல்லா அப்பாக்களும் சொல்லும் சமாதானம். அதில் பாதி உண்மை. அமெரிக்காவின் சான் டியேகோவில் 2004இல் அளந்து பார்த்தார்கள். வெளியே மட்டும் புகைப்பவர்களின் வீடுகளில் வளரும் குழந்தைகள், புகைப்பவரே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிட 5 முதல் 7 மடங்கு நிக்கோட்டினுக்கு ஆளாகியிருந்தார்கள். உள்ளே புகைக்கும் வீடுகளில் அது இன்னும் பல மடங்கு. வாசலுக்குப் போவது பயன் தருகிறது, போதுமானதாக இல்லை. சட்டையிலும் மீசையிலும் தங்கிய புகை, தூக்கிக் கொஞ்சும்போது பிள்ளையின் முகத்துக்கு வந்துவிடுகிறது.

மெல்லும் புகையிலைக்கு வருவோம். குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவோர் ஏறத்தாழ 5 சதவீதம், ஆண்களில் 20. பெண்களுக்கு அது பெரும்பாலும் வாயில் அடக்கும் போயிலைதான். மசக்கைக் குமட்டலுக்கு வெற்றிலை, பிள்ளை பெற்றபின் செரிமானத்துக்கு வெற்றிலை என்று வீட்டுப் பெரியவர்கள் கொடுப்பதில் தவறில்லை. அதனோடு ஒரு கிள்ளு புகையிலை சேர்கிறபோதுதான் கணக்கு மாறுகிறது. இந்த விஷயத்தில் இந்தியா யாரிடமும் கடன் வாங்கவேண்டியதில்லை. 1978இலேயே கிருஷ்ணா என்ற மருத்துவர் புகையிலை மெல்லும் கர்ப்பிணிகளின் பிள்ளைகள் எடை குறைந்து பிறப்பதைப் பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவ இதழில் எழுதினார். 2004இல் மும்பையில் பிரகாஷ் குப்தாவும் ஸ்ரீவித்யாவும் 1,217 பெண்களைக் கர்ப்பகாலம் தொட்டுப் பின்தொடர்ந்தார்கள். புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் பிள்ளைகளுக்கு எடை சராசரியாக 105 கிராம் குறைவு, பிரசவமும் ஏறத்தாழ ஒரு வாரம் முந்தியது. ஸ்வீடனில் உதட்டுக்கடியில் வைக்கும் பொடியைப் பயன்படுத்தும் பெண்களிடமும், அளவு சிறிதென்றாலும், இதே திசையில்தான் முடிவு வந்தது. குறைமாதப் பிரசவமும் செத்துப் பிறப்பதும் அவர்களிடம் கூடுதல். அங்கே நெருப்பில்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை. நிக்கோட்டின் தனியாக வந்தாலும் கருவை விட்டுவைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

மூன்றாவது வழிதான் நெல்லைக்கே உரியது, ஆதாரம் மெலிந்ததும் அதுதான்.

பீடி சுற்றுவதைப் பார்க்காதவர்களுக்காக: மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரும் இலையை நனைத்து, ஈரத்துணியில் பொதிந்து வைப்பார்கள். பதமானதும் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, நரம்பு நீக்கி, தூளை நிரப்பிச் சுருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்க வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. ஒரு நாளில் 500 முதல் 1,000 வரை சுற்றும் பெண்கள் உண்டு. அத்தனை நேரமும் கை ஈரம், கையில் தூள், குனிந்த முகத்துக்கு நேரே தட்டு. ஈர இலையைப் பறிக்கும் புகையிலைத் தோட்டத் தொழிலாளிக்குத் தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வருவது மருத்துவத்துக்கு நன்கு தெரிந்த சங்கதி. பீடித்தூள் உலர்ந்தது, அதனால் அதே அளவு ஏறும் என்று சொல்ல முடியாது. ஏறுகிறது என்பது உறுதி. மும்பைப் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் ரஜனி பிசேயும் அவருடைய குழுவினரும் 1980களிலும் 90களிலும் பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரைச் சோதித்து, புகையிலையின் தடயங்களும் மரபணுவைச் சேதப்படுத்தும் பொருள்களும் அதில் கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள்.

தாயின் உடம்புக்குள் புகையிலை போகிறது, ஆதலால் கருவுக்கும் போகிறது. ஆனால் அதனால் எத்தனை கிராம் எடை குறைகிறது, எத்தனை கரு கலைகிறது என்று சிம்சனும் குப்தாவும் அளந்ததுபோல் உறுதியாகச் சொல்ல இப்போதுள்ள ஆய்வுகள் போதாது. பீடி சுற்றும் பெண்களிடம் எடை குறைந்த பிள்ளைகளும் கருச்சிதைவும் கூடுதல் என்று சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பீடி சுற்றும் பெண் ஏழை, சோகை பிடித்தவள், நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்திருப்பவள், அவள் கணவரும் பெரும்பாலும் பீடி குடிப்பவர். இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது சுலபமல்ல. ஆய்வாளர்கள் இதைச் சொல்லும்போது பீடி முதலாளிகள் தலையாட்டுகிறார்கள். தலையாட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. அளக்கப்படாத தீங்கைத் தீங்கில்லை என்று எழுதிவிட முடியாது.

இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர் பாலன்டைன், கருவின் நோய்களைப் பற்றி 1902இல் எழுதிய பெருநூலில் புகையிலையைப் பேசியபோது, அவர் முன்னால் இருந்தவர்கள் புகைக்கும் சீமாட்டிகள் அல்லர், ஐரோப்பியப் புகையிலைத் தொழிற்சாலைகளில் கைவேலை செய்த பெண்கள். அவர்களுக்குக் கரு அதிகம் கலைகிறதா என்பதுதான் அன்றைய கேள்வி. பின்னர் நடுத்தர வர்க்கப் பெண்கள் சிகரெட் பிடிக்கத் தொடங்கினார்கள், ஆய்வுப் பணமும் அவர்கள் பின்னால் போய்விட்டது. இயந்திரம் வந்து தொழிற்சாலைப் பெண்களின் கைகள் தூளிலிருந்து விலகின. கை விலகாத இடங்களில் ஒன்று இந்தியா.

அடுப்புப் புகையைச் சொல்லாமல் விட்டால் பீடிக்கு மட்டும் பழி போட்டதாகிவிடும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 1,285 தாய்மாரைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் நுண்துகள் ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் பிறப்பெடை 4 கிராம் குறைந்தது. விறகு எரியும் அடுக்களையில் அந்த அளவு நூற்றுக்கணக்கில் போகும். அதே குழு பங்கேற்ற நான்கு நாட்டுச் சோதனையில், சுமார் 3,200 கர்ப்பிணிகளில் ஒரு பகுதியினருக்குக் கேஸ் அடுப்பு கொடுத்தும் பிறப்பெடை சொல்லும்படி கூடவில்லை என்பது 2022இல் வெளியானது. ஒரு புகையை மட்டும் நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த முடிவை மறக்கக் கூடாது. குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஈரம் உலர்த்த ஒரு துணி போதும். மூடிய அறையில் தணல் புகையைப் பச்சைப் பிள்ளையின் முகத்தருகே கொண்டுபோக வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள், பாட்டிமார்தான் கேட்பதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது, அபராதம் 200 ரூபாய் வரை. இத்தகைய சட்டங்கள் கருவறை வரை எட்டும் என்பதற்கு 2014இல் வந்த தொகுப்பாய்வு சான்று: மேலை நாடுகளில் புகைத்தடைக்குப் பின் குறைமாதப் பிரசவம் சுமார் 10 சதவீதம் குறைந்தது. ஆனால் நம் தடை திருநெல்வேலி சந்திப்புப் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுகிறது, பாவூர்சத்திரத்து வீட்டின் நடுஅறைக்குள் போவதில்லை. அங்கே போகச் சட்டத்தால் முடியாது, பெண்களால் முடியும். மலைக்கு அந்தப்புறம் திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் மையம் கேரளத்தில் அதைச் செய்து காட்டியது. பெண்கள் கூடிப் பேசி, 'எங்கள் வீட்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது' என்று ஊராக முடிவெடுக்க வைத்தார்கள். தனியொருத்தி கணவரிடம் சொன்னால் சண்டை, ஊரே சொன்னால் ஒழுங்கு. ஆறு மாதத்தில், புகைக்கும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்திவிட்டார்கள். நெல்லையின் மகளிர் குழுக்களுக்கு இது எட்டாத காரியமல்ல.

தட்டின் கதை கடினம். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வேலைக்கூடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது, வேலை வீட்டுக்குப் போய்விட்டது. அந்தச் சட்டத்தை 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு விழுங்கிவிட்டது. 1976இல் ஏற்பட்ட நலநிதிக்கு வருமானம் தந்த தீர்வை 2017இல் ஜி.எஸ்.டி.யோடு போயிற்று. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென மத்திய அரசு மருத்துவமனை உண்டு. அட்டை இல்லாமல், இன்னொருத்தி பேரில் சுற்றும் பெண்ணுக்கு அது வெறும் கட்டடம். 2025 செப்டம்பரில் பீடி மீதான வரியை 28இலிருந்து 18 சதவீதமாக்க ஜி.எஸ்.டி. மன்றம் முடிவெடுத்தது. தொழிலைக் காக்க என்றார்கள். பீடி மலிந்தால் கணவரின் நுரையீரலும் மனைவியின் கருப்பையும் விலை கொடுக்கும் என்பதை அந்த மேசையில் யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

"கர்ப்பமா இருக்கும்போது சுத்தாதே" என்று நர்ஸம்மா சொல்வது எளிது. சுற்றாத நாளுக்குக் கூலி யார் தருவார்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிறது. தாயின் உணவுக்கும் இழந்த கூலிக்கும் சேர்த்தே அது, சுற்றாத நாளின் கூலிக்கென்று தனியாக இல்லை. ஆகவே கேட்கவேண்டியது தெளிவு. பீடித் தொழிலாளி என்று பதிவான கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதம் முதல் பிள்ளைக்கு ஆறு மாதமாகும் வரை, தட்டைத் தொடாமல் இருக்க, அவள் சுற்றியிருக்கக்கூடிய கூலியை அரசும் கம்பெனிகளும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இந்தியா 2004இல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையே, புகையிலைத் தொழிலில் இருப்போரின் உடல்நலத்தைக் காக்கவும் மாற்று வாழ்வாதாரம் தேடித்தரவும் சொல்கிறது. இது பிச்சையல்ல, கையெழுத்திட்ட கடமை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. தூளையும் இலையையும் தூங்கும் அறையில் வைக்காதிருப்பது, தொட்டிலைத் தட்டிலிருந்து எட்டக் கட்டுவது, பால் கொடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி மேல்சேலையை மாற்றிக்கொள்வது, தவழும் பிள்ளையின் கைக்குத் தூளும் துண்டுப்பீடியும் எட்டாமல் பார்ப்பது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம்: வீட்டில் யார் புகைக்கிறார்கள், வெற்றிலையோடு புகையிலை போடுகிறாயா, பீடி சுற்றுகிறாயா. கணவர்மார்களுக்கு ஒன்று. புகையிலையை விட உதவும் தேசியக் கட்டணமில்லா எண் 1800-11-2356, தமிழிலும் பேசலாம். மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே அழைத்துவிடுங்கள்.